வாய் வழியா, பின்கழுத்து வழியா, மூக்கு வழியா: முதலில் அந்த எலும்பு நகருமா என்று பார்க்க வேண்டும்

கேள்வி நீளமாக இருந்ததால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 34 வயது அண்ணனுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகக் கைவிரல்கள் மரத்துப்போகின்றன, நடையில் தள்ளாட்டம். மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு விலகி, மேலேயும் ஏறி, தண்டுவடத்தை அழுத்துகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் வாய் வழியாக அந்த எலும்பை எடுத்துவிட்டு அப்புறம் பின்னால் ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் பின்கழுத்து வழியாகவே முடித்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் காலர் போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் பார்க்கலாம் என்கிறார். போதாததற்கு, மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, இதை ஏன் எங்களிடம் யாருமே சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அறுவை நிபுணர் இல்லை, மயக்க மருத்துவர். மூளை, முதுகுத்தண்டு ஆபரேஷன்களுக்குத்தான் பல வருடமாக மயக்கம் கொடுக்கிறேன். கத்தி என் கையில் இல்லை, ஆனால் எந்தக் கேஸுக்கு எந்த வழி எடுக்கிறார்கள், மறுநாள் நோயாளி எப்படி விழிக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் அண்ணனின் ஸ்கேனைப் பார்க்காமல் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. மூன்று பேர் ஏன் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், அவர்களிடம் திரும்பப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கழுத்தின் முதல் எலும்பு, சி1, ஒரு வளையம். இரண்டாவது எலும்பான சி2-விலிருந்து ஒரு முளை மேல்நோக்கி நீட்டிக்கொண்டு அந்த வளையத்துக்குள் முன்பக்கமாக நிற்கும், ஒடொன்டாய்டு என்பார்கள். முளைக்கு நேர் பின்னால் தண்டுவடம், அதற்குச் சற்று மேலே மூளைத்தண்டு. முளை பின்னால் சாயாமல் ஒரு தசைநார்ப் பட்டை குறுக்கே கட்டிப் பிடித்திருக்கிறது. நாம் தலையை இடம் வலமாகத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது, அவ்வளவு அசைவு உள்ள இடம் என்பதால்தான் பிடி தளர்ந்தால் இவ்வளவு ஆபத்து. பெரியவர்களுக்கு வளையத்தின் முன்வளைவுக்கும் முளைக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேலும், குழந்தைகளுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேலும் இடைவெளி இருந்தால் மூட்டு விலகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ரிப்போர்ட்டில் ஏ.ஏ.டி. என்று இருக்குமே, அது இதுதான். முளை மேலேறி மண்டையின் அடித்துளைப் பக்கம் போய்விட்டால் அதற்குப் பேசிலார் இன்வாஜினேஷன் என்று பெயர். உங்கள் அண்ணனுக்கு இரண்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்தான்.

காரணம் பல இருக்கலாம். சி1 பிறவியிலேயே மண்டையோடு ஒட்டிப் போயிருக்கலாம், முளை தனித் துண்டாக நிற்கலாம், ருமட்டாய்டு மூட்டுவாதம் பட்டையை அரித்திருக்கலாம், பழைய அடியாகவும் இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குப் பட்டையே தளர்வு. காசநோயை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே முதல் சிகிச்சை மாத்திரை. சீழ் அழுத்தினாலோ மூட்டு நிலையில்லாமல் போனாலோ மட்டும்தான் பெரும்பாலும் ஆபரேஷன் பக்கம் போவார்கள். ரிப்போர்ட்டில் எலும்பு அரிப்பு, சுற்றிலும் வீக்கம் என்று ஏதாவது இருந்தால் இதை முதலில் கேட்டு முடித்துவிடுங்கள்.

சரி, எந்த வழி? அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, விலகிய எலும்பு திரும்ப இடத்துக்கு வருமா வராதா என்பது. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே அல்லது சி.டி.யில் முளை முன்னும் பின்னும் நகர்கிறதென்றால் அது வரக்கூடியது. அப்படிப்பட்டவருக்கு எலும்பை வெட்டி எடுக்கத் தேவையே இல்லை. சரியான நிலையில் வைத்துப் பின்னாலிருந்து ஸ்க்ரூ போட்டுப் பூட்டினால் அழுத்தம் தானாக விலகிவிடும். படத்தில் நகராதவர்களிலும் சிலருக்கு, மயக்கம் கொடுத்துத் தசைகள் தளர்ந்த பிறகு மண்டையில் எடை கட்டி இழுத்துப் பார்த்தால் சில மில்லிமீட்டர் இறங்கிவிடும். இதை நான் தியேட்டரிலேயே பார்த்திருக்கிறேன். வார்டில் அசையாத எலும்பு, மேஜையில் எடை ஏற ஏற எக்ஸ்ரே திரையில் மெதுவாகக் கீழே வரும், அன்றைய திட்டமே மாறிவிடும். அதனால் ஒரு டாக்டர் வராது என்றும் இன்னொருவர் வரும் என்றும் சொல்வதில் யாரும் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. இருவரும் எந்தப் படத்தை வைத்து, எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

வாய் வழிக்கு ஒரு சரித்திரம் உண்டு. மண்டை அடிக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவில் சிக்கியிருந்த துப்பாக்கிக் குண்டை வாய் வழியாக எடுத்ததாக கனாவெல் என்ற அறுவை நிபுணர் 1917-லேயே எழுதினார். பின்னாளில் அமெரிக்காவில் மெனெசஸ், லண்டனில் கிராக்கார்ட் போன்றவர்கள் முளையை எடுக்க இந்த வழியைச் செம்மைப்படுத்தினார்கள். அழுத்தம் முன்னாலிருந்து வருகிறது, எலும்பு நகராது, எனவே முன்னால் போய் எடு என்பது அதன் நியாயம், அதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு நோயாளி கொடுக்கும் விலையைப் பாருங்கள். வாய் எவ்வளவு மருந்து போட்டுக் கழுவினாலும் கிருமி இருக்கிற இடம், அங்கே தண்டுவட உறை கிழிந்து நீர் கசிந்தால் மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம். நாக்கும் தொண்டையும் வீங்கும், டியூபை அன்றே எடுக்க முடியாமல் ஒன்றிரண்டு நாள் வைத்திருப்போம், சிலருக்குத் தொண்டையில் துளை போட வேண்டியிருக்கும். சாப்பாடு கொஞ்ச நாள் மூக்குக் குழாயில்தான். முளையை எடுத்ததால் மூட்டு இன்னும் தளர்ந்துவிடும் என்பதால் பின்னாலும் கட்டாயம் ஸ்க்ரூ போட வேண்டும். ஆக இரண்டு ஆபரேஷன்.

இந்தக் கணக்கை மாற்றியதில் மும்பையைச் சேர்ந்த அதுல் கோயலின் வேலைக்குப் பெரிய பங்கு. சி1, சி2 எலும்புகளின் பக்கவாட்டுத் திரட்சிக்குள் நேரடியாக ஸ்க்ரூவும் தகடும் போட்டு அந்த ஒரு மூட்டை மட்டும் பூட்டும் முறையை 1994-ல் வெளியிட்டார். ஜெர்மனியில் ஹார்ம்ஸ் 2001-ல், கொண்டை மட்டும் எந்தப் பக்கமும் திரும்பும் ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து அதே யோசனையை எளிமையாக்கினார், இன்று உலகமெங்கும் போடுவது ஏறக்குறைய அந்த வடிவம்தான். கோயல் 2004-ல் இன்னொரு படி போனார். பின்னாலிருந்தே இருபுறமும் சி1-சி2 மூட்டைத் திறந்து, குருத்தெலும்பைச் சுரண்டி, மூட்டை விரித்து, நடுவில் ஒரு துண்டை வைத்து ஸ்க்ரூவால் பூட்டுவது. மூட்டு விரிந்தால் சி2 கீழே இறங்கும், முளையும் கூடவே இறங்கும். நகராது என்று கைவிட்ட பல எலும்புகளை இப்படி இறக்க முடிந்தது, வாய் வழி ஆபரேஷன்களின் தேவையும் அதனால் நிறையவே குறைந்தது. உங்களிடம் பின்கழுத்து வழியாகவே முடிக்கலாம் என்று சொன்னவர் அநேகமாக இதைத்தான் மனதில் வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், முளை இறங்குமா என்று சோதித்தே பார்க்காமல் வாய் வழிதான் என்று முதல் சந்திப்பிலேயே முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். சோதித்தும் இறங்கவில்லை, எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிவிட்டன, முன்னாலிருந்து அழுத்தம் அப்படியே இருக்கிறது என்றால் முன்வழிக்கு இன்றும் இடம் உண்டு.

இன்னொன்று. இப்படிப்பட்டவர்களில் நிறையப் பேருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதி கீழே இறங்கி நிற்பதும், தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாவதும் கூடவே இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு, மண்டைத் துளையைப் பெரிதாக்கினால் போதும் என்று செய்துவிட்டு, விலகிய மூட்டை அப்படியே விட்டால் சில மாதம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி மோசமாவார்கள். ரிப்போர்ட்டில் இவற்றைக் குறிக்கும் கியாரி, சிரிங்ஸ் என்ற சொற்கள் இருந்தால் மூட்டு உறுதியாக இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

மூக்கு வழிக்கு வருவோம். முளையை மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் எடுக்கலாம் என்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு 2005-ல் காட்டியது. வாய் வழியோடு ஒப்பிட்டால் நாக்கு வீக்கம் இல்லை, சாப்பாடு சீக்கிரம் தொடங்கலாம். ஆனாலும் எலும்பு பின்னாலிருந்தே இறங்குமென்றால் இதுவும் தேவைப்படாத ஆபரேஷன்தான், உங்களிடம் யாரும் சொல்லாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். நீங்கள் பார்த்த வீடியோவில் கட்டி என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அது வேறு நோய். மூக்கு வழி உண்மையில் ஜொலிப்பது அங்கேதான், முக்கியமாக கார்டோமாவில்.

கார்டோமா என்பது கருவில் முதுகெலும்புக்கு அச்சாக இருந்த நாணின் மிச்சத்திலிருந்து வளரும் கட்டி. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் வரும் அபூர்வ நோய். மண்டையின் அடியில் மூளைத்தண்டுக்கு முன்னால் கிளைவஸ் என்றொரு சரிவான எலும்பு இருக்கிறது, அங்கே வரும், முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் திருவெலும்பில் (சேக்ரம்) வரும், நடுவில் எங்கேயாவதும் வரும். கிளைவஸில் வந்தால் முதல் அறிகுறி பெரும்பாலும் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு அந்த எலும்பை ஒட்டித்தான் ஓடுகிறது. மெதுவாக வளர்வதால் சாது என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண அளவுக் கரண்ட் (கதிர்வீச்சு) சிகிச்சைக்கு மசியாது, மிச்சம் விட்டால் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் தழும்புக்குள் போக வேண்டும் என்பதால் அடுத்த ஆபரேஷன் முந்தையதை விடக் கடினமாகிக்கொண்டே போகும். அதனால் முதல் ஆபரேஷனிலேயே பாதுகாப்பாக முடிந்த மட்டும் முழுக்க எடுத்துவிட்டு, பிறகு புரோட்டான் போன்ற கூர்மையான கதிர்வீச்சை 70 கிரேக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கொடுப்பதுதான் வழக்கம். திருவெலும்பிலோ முதுகெலும்பிலோ வந்தால் கட்டியை உடைக்காமல் சுற்றியுள்ள எலும்போடு ஒரே துண்டாக எடுக்கப் பார்ப்பார்கள், அங்கே சோதனைக்குச் சதை எடுக்கும் பயாப்சி ஊசி போன பாதையைக்கூட வெட்டி எடுக்க வேண்டும், ஆபரேஷன் செய்யப்போகிற குழுவைக் கேட்காமல் எங்கேயோ போய் ஊசி குத்திக்கொண்டு வருவது பெரிய தொல்லை. திருவெலும்பில் இருபுறமும் எஸ்2 நரம்பு வேர்கள் போய்விட்டால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு பெரும்பாலும் போய்விடும், அதை முன்கூட்டியே வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுகிற டாக்டரை நான் மதிக்கிறேன்.

கிளைவஸ் மூளைத்தண்டுக்கு முன்னால் இருப்பதால் மூக்கு வழியாகப் போனால் நரம்புகளைத் தாண்டாமல் நேராகக் கட்டிக்கே போய்விடலாம், அதுதான் அந்த வழியின் மதிப்பு. முன்பெல்லாம் பயம் என்னவென்றால் திறந்த ஓட்டை வழியே மூளை நீர் மூக்கில் கசிவது. நடுமூக்குச் சுவரின் சவ்வை அதன் ரத்தக்குழாயோடு உரித்து ஓட்டையின் மேல் போர்த்தும் முறை 2006-ல் வெளிவந்த பிறகு அந்தக் கசிவு வெகுவாகக் குறைந்தது. இன்றும் பூஜ்யமாகிவிடவில்லை. மூக்கு வழி ஆபரேஷன் முடிந்தவர் குனியும்போது தண்ணீர் மாதிரி மூக்கில் சொட்டினால், உப்புக்கரித்தால், சளி என்று துடைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது, உடனே குழுவுக்குச் சொல்ல வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அதே மண்டையடியில், மூளையின் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டிக்கு அணுகுமுறையே வேறு, மூளைத்தண்டில் ஒட்டியிருக்கும் ஒரு படலத்தை விட்டுவிட்டு வருவது அங்கே தோல்வி இல்லை, பல சமயம் அதுதான் புத்திசாலித்தனம். ஒரே இடம், இரண்டு கட்டி, நேரெதிர் முடிவு. வீடியோவை வைத்து முடிவு எடுக்க முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அண்ணன் விஷயத்துக்குத் திரும்புவோம். காலர் போட்டுக் காத்திருப்பது பற்றி: அறிகுறியே இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடித்தவர்களில் சிலருக்கு, கண்காணிப்போடு, அது சரியாக இருக்கலாம். உங்கள் அண்ணனுக்குக் கை மரத்து, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுகிறார், இருட்டில் நடக்கப் பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம், காலர் அதை விடுவிக்காது. கால் விறைப்பும் நடையும் ஆபரேஷனுக்குப் பிறகு ஓரளவு திரும்பும், கையில் ஏற்கெனவே சூம்பிப்போன தசை அநேகமாகத் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் நோக்கம், அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். ஆபரேஷன் தேதி வரும் வரை கழுத்தை யாரிடமும் கொடுத்து நெட்டி எடுக்கவோ எண்ணெய் போட்டு முறுக்கவோ விடாதீர்கள், இது கெஞ்சிச் சொல்கிறேன். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் தங்கினாலோ, சில நாளிலேயே பலவீனம் கூடினாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பலரும் ஸ்க்ரூ போடும் நிமிஷத்தைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள், என் பயம் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். டியூப் போடக் கழுத்தை வழக்கம்போலப் பின்னால் சாய்க்க முடியாது. அதனால் தொண்டையை மரக்கவைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே மெல்லிய கேமரா குழாயின் மேல் டியூபை ஏற்றி நுழைப்போம், அல்லது ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வீடியோ கருவியால் போடுவோம். போட்டதும் விரல்களையும் பாதத்தையும் அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கவைப்பேன். அப்புறம் குப்புறப் புரட்டுவது. நாலைந்து பேர் சேர்ந்து தலை, கழுத்து, உடம்பு ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும், புரட்டுவதற்கு முன்னும் பின்னும் நரம்பு சிக்னல் பார்ப்போம், எக்ஸ்ரே எடுப்போம்.

அந்த சிக்னல் விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மண்டைத்தோலில் மின்முனைகளைக் குத்தி ஒரு துடிப்பு கொடுத்தால் கைகால் தசைகள் துள்ளும், அது திரையில் கோடாக வரும். இது வேலை செய்ய வேண்டுமென்றால் தசைத்தளர்ச்சி மருந்தைத் தொடர முடியாது, மயக்க வாயுவையும் ஒதுக்கிவிட்டு ஊசி மருந்திலேயே ஆழமாகத் தூங்கவைக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் தாடை கடித்துக்கொள்ளும் என்பதால் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் காஸ் துணியைச் சுருட்டி வைப்போம், மறந்தால் நாக்கு அறுபடும். இருபுறமும் மூட்டை விரிக்கும் கட்டத்தில் காலுக்கான கோடு திடீரென்று பாதியாகக் குறைந்தால் தியேட்டரில் எல்லார் கையும் நிற்கும். நான் ரத்த அழுத்தத்தை ஏற்றுவேன், அறுவை நிபுணர் விரித்ததைக் கொஞ்சம் தளர்த்துவார், எடையைக் குறைப்போம், கோடு திரும்ப எழுகிறதா என்று காத்திருப்போம். பெரும்பாலும் திரும்பிவிடும். இப்படிக் கண்காணிக்கும் வசதியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார்களா என்பது ஸ்க்ரூ எந்த கம்பெனி என்பதை விட முக்கியம்.

அறுவையில் பெரிய கவலை முதுகெலும்புத் தமனி. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இந்தக் குழாய் சி2, சி1 எலும்புகளை வளைந்து வளைந்து தாண்டுகிறது, பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, ஸ்க்ரூ போகும் பாதையிலேயே நிற்கலாம். இதனால் சி.டி. ஆஞ்சியோ எடுத்து ஒவ்வொரு பக்கமும் தமனி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும், ஒரு பக்கம் ஸ்க்ரூவுக்கு இடமே இல்லையென்றால் வேறு திட்டம் தயாராக இருக்க வேண்டும். மூட்டைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலும் நன்றாக ரத்தம் கொட்டும், ஆனால் அது பஞ்சு வைத்து அழுத்தினால் அடங்கும் ரத்தம். மூட்டைத் தெளிவாகப் பார்க்க சிலர் சி2 நரம்பு முடிச்சை வெட்டிவிடுவார்கள், அதனால் பின்மண்டை மரத்துப்போகும், முன்னமே தெரிந்திருந்தால் அதிர்ச்சி இருக்காது. சி1-சி2 பூட்டினால் தலை திருப்புவதில் ஏறக்குறைய பாதி குறையும், மண்டை வரை பூட்டினால் தலையாட்டுவதும் குறையும். உங்கள் அண்ணனுக்கு எது வரை என்று கேளுங்கள், அவர் வண்டி ஓட்டுபவர் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

நீண்ட நாள் அழுத்தம் உள்ளவர்களுக்கு மூச்சுத் தசைகளும் பலவீனமாக இருக்கும், இரவில் மூச்சு நின்று நின்று வரும். குறட்டை, காலையில் தலைவலி, அடிக்கடி புரையேறுவது இருந்தால் மயக்க டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், மூச்சுச் சோதனை எடுத்து, ஓரிரு வாரம் மூச்சுப் பயிற்சி செய்தபின் போவது நல்லது. டியூபை எப்போது எடுப்பது, வென்டிலேட்டர் தேவைப்படுமா என்பதெல்லாம் இதை வைத்துத்தான் தீர்மானம் ஆகும்.

அண்ணன் புகைப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்க்ரூ நிரந்தரமாகத் தாங்கும் சாமான் இல்லை, வைத்த எலும்புத் துண்டு ஒட்டிக் கெட்டியாகும் வரை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒட்டுவதற்குப் பல மாதம் ஆகும், புகை அதைக் கெடுக்கும், ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ தளரும் அல்லது உடையும்.

திரும்ப டாக்டரிடம் போகும்போது நான் கேட்கச் சொல்வது இவைதான்: குனிந்து நிமிர்ந்து எடுத்த படத்தில் முளை நகர்ந்ததா, நகராவிட்டால் மயக்கத்தில் இழுத்துப் பார்ப்பீர்களா, தமனி இரண்டு பக்கமும் எப்படிப் போகிறது, இந்த மாதிரி கேஸ் உங்கள் குழு அடிக்கடி செய்கிறதா, நரம்பு சிக்னல் பார்ப்பீர்களா. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல் படாமல் படத்தைத் திரையில் போட்டு விரலால் காட்டிப் பதில் சொல்கிறவர் கிடைத்தால், அவர் சொல்லும் வழி உங்களுக்குப் பிடித்த வழியாக இல்லாவிட்டாலும் அவரோடு போங்கள். எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது, எலும்பு தெளிவாகத் தெரிய மெல்லிய துண்டுகளாக எடுத்த சி.டி.யும் வேண்டும். ஃபிலிமில் பிரின்ட் போட்டுக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுப் படமும் சிடி தட்டிலோ பென் டிரைவிலோ இருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் பாருங்கள், இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது அதுதான் தேவைப்படும்.